தேய்ந்த கோடுகள் தெளியும் வேளை
பழந்துப்பாக்கிக் கட்டைகளின் கட்டச் செதுக்கும் அதைப் புதுப்பிக்கும் கைவினையும்

நம் நாட்டில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அலமாரிக்குள் உறங்கும் இல்லங்கள் இன்றும் பல உள்ளன. தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்த தாத்தா, படையில் பணிபுரிந்த பெரியப்பா, நிலக்கிழாராக வாழ்ந்த பாட்டனார் என யாரோ ஒருவர் வாங்கி வைத்தது அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்ற பேச்சே அடங்கிவிட்டது. ஆயினும் உரிமம் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைக்கப்பட்டுத் துப்பாக்கி மீண்டும் அலமாரிக்குள் போகிறது.

அதைக் கையில் எடுப்பவர் விரல்களுக்கு முதலில் தட்டுப்படுவது இரும்பன்று, மரம். விசைக்குப் பின்னால் வலக்கை பற்றும் குறுகிய பிடியிலும், குழலுக்குக் கீழே இடக்கை தாங்கும் முன்கட்டையிலும் நுண்ணிய சொரசொரப்பு ஒன்று இருக்கும். விளக்கருகே கொண்டுசென்று பார்த்தால் அது சிறு சிறு சாய்சதுரங்களின் அணிவகுப்பு என்பது புலப்படும். இதனை ஆங்கிலத்தில் செக்கரிங் என்பர். தொழிலில் இருப்போரும் அவ்வாறே வழங்குகின்றனர். இக்கட்டுரையில் கட்டச் செதுக்கு என்று குறிப்போம்.

பார்வைக்கு அணியாகத் தோன்றினும் இதன் பிறப்பு பயன் கருதியது. வியர்வையிலும் மழையிலும் வழவழப்பான மரம் கையிலிருந்து நழுவும். இணையான கோடுகளை ஒரு திசையில் வெட்டி, அவற்றைச் சாய்வாகக் குறுக்கிடும் வேறொரு கோட்டுத் தொகுதியையும் வெட்டினால், இடையில் எஞ்சும் மரம் கூர்நுனி கொண்ட சிறு கூம்புகளாக நிமிர்ந்து நிற்கும். அவை உள்ளங்கைத் தோலைப் பற்றிக்கொள்ளும். அழகு பிற்பாடு வந்து சேர்ந்தது. வந்த பின் அதுவே கைவினைஞரின் தரத்தை அளக்கும் கோலாகவும் ஆயிற்று.

எத்தனை நுண்மையானது இவ்வேலை என்பதற்கு ஒரு சிறு கணக்கு. கோடுகளின் நெருக்கத்தை ஓர் அங்குலத்துக்கு இத்தனை கோடுகள் என்று அளப்பர். உறுதியான பிடி ஒன்றையே கருதிய எளிய வேலையில் 18 அல்லது 20 கோடுகள் இருக்கும். நல்ல ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் 24க்கு மேலும் காணலாம். 32ஐத் தொட்டால் அது பெரும்பாலும் காட்சிக்கானது. 24 கோடுகள் என்றால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். சாய்சதுரத்தின் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்காக அமைவது பழைய வழக்கம். அவ்வாறு அமைந்தால் ஒரு சதுர அங்குலத்தில் 345 சாய்சதுரங்கள் அடங்கும். பிடியின் இரு பக்கங்களும் முன்கட்டையும் சேர்ந்தால் ஒரு துப்பாக்கியில் சில ஆயிரங்கள். அத்தனையும் கையால், ஒவ்வொரு கோடாக, பல முறை சென்று வெட்டப்பட்டவை.

கடல் கடந்து வந்த கட்டைகள்

இந்தியாவில் இன்று காணக்கிடைக்கும் பழந்துப்பாக்கிகளில் தரமானவை பலவும் பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ செய்யப்பட்டவை. 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்னும் இருவர் உருவாக்கிய, வெளிச்சுத்தியல் இல்லாத இயக்கமுறை, இரட்டைக்குழல் துப்பாக்கியை உறுதியாகவும் எளிதாகவும் செய்ய வழிகோலியது. அந்த அமைப்பைத் தழுவிய துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக இந்தியா வந்தன. கல்கத்தாவில் மாண்டன், ராடா, லயன் அண்ட் லயன் முதலிய கடைகள் புகழ்பெற்றிருந்தன. சென்னையில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. குழலின் மேல் கல்கத்தா என்றோ மதராஸ் என்றோ பொறித்திருப்பதைக் கண்டு, அங்கேயே செய்ததென எண்ணிவிடலாகாது. செய்தது பர்மிங்ஹாம், விற்றது நம்மூர்க் கடை என்பதே பொதுவான நிலை.

ராடா என்றதும் வங்க வரலாறு அறிந்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1914 ஆகஸ்டு 26 அன்று அந்நிறுவனத்துக்கென வந்திறங்கிய சரக்கிலிருந்து பத்துப் பெட்டிகள் மறைந்தன. 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர் கைக்குச் சென்றன. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்க்கு ஆயுதத்தை எட்டாப் பொருளாக்கி வைத்திருந்த காலம் அது. உரிமத்துடன் ஒரு வேட்டைத் துப்பாக்கி வீட்டில் இருப்பது அந்நாளில் செல்வத்தைவிடச் செல்வாக்கின் அடையாளமாகவே கருதப்பட்டது. தாத்தாவின் துப்பாக்கியைப் பற்றிக் குடும்பங்களில் இன்றும் குரல் தாழ்த்திப் பெருமையுடன் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கட்டைக்குரிய மரம் அக்ரூட். பிரெஞ்சு மரம், சர்க்காசிய மரம் என்று வணிகத்தில் பல பெயர்களால் அழைத்தாலும் தாவரவியலில் இனம் ஒன்றே. ஸ்ரீநகரின் மரச் செதுக்கர்கள் மேசைகளிலும் பேழைகளிலும் சினார் இலை செதுக்கும் காஷ்மீர அக்ரூட்டும் அதுவே. கனம் குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும் இழைத்திறம், வெட்டும் கருவிக்கு விளிம்பு சிதையாமல் இடம் கொடுக்கும் நெருக்கமான நார் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த மரங்கள் மிகச் சில. கட்டச் செதுக்குக்கு மூன்றாவது குணமே உயிர்நாடி. மென்மையான மரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலக் கூம்பு நிற்காது, உதிர்ந்துவிடும்.

தேய்வா, அழுக்கா?

ஐம்பது, அறுபது ஆண்டுகள் கைபட்ட பின் கூம்புகளின் நுனி மழுங்குகிறது. வியர்வையின் உப்பும் துப்பாக்கி எண்ணெயும் கலந்து பள்ளங்களில் இறுகுகின்றன. அதன்மேல் வீட்டார் அன்பு மிகுதியால் பூசும் வார்னிஷ் வேறு. இறுதியில் செதுக்கு முழுவதும் மறைந்து, கறுத்த வழவழப்பான திட்டு ஒன்றே கண்ணுக்குத் தெரியும். உடைமையாளர் கோடுகள் அழிந்துவிட்டன என்று முடிவு கட்டிவிடுகிறார். பல வேளைகளில் அம்முடிவு தவறானது. அழிந்தது பாதி, புதைந்தது பாதி.

கொல்கத்தாவில் பழைய துப்பாக்கிக் கடை ஒன்றின் பின்கட்டில் இந்த உண்மை ஒரு பெண்மணியின் கண்முன்னே வெளிப்பட்டதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. அசாம் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றி மறைந்த தந்தையின் துப்பாக்கி அது. வாரிசு முறையில் உரிமம் இப்போது மகள் பெயரில் உள்ளது. போர்க்காலத்துக்கு முற்பட்ட பர்மிங்ஹாம் இரட்டைக்குழல். எப்போதோ ஊர்த் தச்சர் ஒருவர் கட்டை முழுவதிலும் தடித்த வார்னிஷைப் பூசியிருந்தார். அம்மையாருக்கு அது புதிது போல் ஆகவேண்டும். தங்கையின் மகன் துப்பாக்கி சுடும் போட்டிப் பயிற்சிக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறான், அவனுக்கு ஒருநாள் இது போய்ச் சேரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

கடையின் கைவினைஞர் எழுபதை நெருங்கியவர். துப்பாக்கியை வாங்கியவுடன் குழலை மடக்கி அறைகள் காலியாக உள்ளனவா என்று பார்த்தார். பிறகு உரிமத்தில் உள்ள எண்ணையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதினார். அதன் பின்னரே கட்டையைப் பார்த்தார். சன்னலை மூடிவிட்டு ஒற்றை விளக்கைக் கட்டைக்குப் பக்கவாட்டில், ஏறத்தாழ மரத்தின் மட்டத்திலேயே பிடித்தார். நேர் வெளிச்சத்தில் மறைந்து கிடந்த கோடுகள் சாய்வெளிச்சத்தில் மெல்லிய நிழல்களாக எழுந்தன.

“இருக்கிறது மா. உள்ளே இருக்கிறது,” என்றார்.

முதல் இரண்டு நாள்கள் வெட்டும் கருவி எதனையும் அவர் தொடவில்லை. கட்டையை இரும்புப் பாகங்களிலிருந்து கழற்றியபின், வார்னிஷ் நீக்கும் கரைசலைச் செதுக்குப் பகுதியில் மட்டும் தடவி, காத்திருந்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் கோடுகளின் போக்கிலேயே தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் மழுங்கிய நுனிகளும் போய்விடும். கறுப்புக் குழம்பு வெளிவந்தது. துணியால் ஒற்றி, அசிட்டோன் தொட்டு மீண்டும் தேய்த்தார். விசைப்பகுதியை அடுத்த மரத்தில் பல்லாண்டு எண்ணெய் ஊறியிருந்தது. அங்கே வெண்சுண்ணப் பொடியைக் கரைசலுடன் குழைத்துப் பூசி உலரவிட்டார். உலரும்போது அது எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாக மாறும். துடைத்துவிட்டு மீண்டும் பூசவேண்டும். நான்கு முறை பூசிய பின்னரே பொடி வெள்ளையாக நின்றது.

இடப்பக்கச் செதுக்கு ஏறக்குறைய முழுமையாக வெளிப்பட்டது. வலப்பக்கத்தில், உள்ளங்கை அழுந்திய இடத்தில் கூம்புகள் தட்டையாகியிருந்தன. ஆனால் பள்ளங்கள் இருந்தன. பெருவிரல் சுற்றிவரும் மேற்பகுதியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு எதுவுமே இல்லை, வெறும் மரம். அத்தோடு யாரும் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. இரும்புப் பாகத்தின் பின்முனையிலிருந்து பிடிக்குள் மயிரிழை போன்ற ஒரு விரிசல். வார்னிஷுக்கு அடியில் அது எத்தனை ஆண்டுகளாக இருந்ததோ!

பழந்துப்பாக்கிகளில் இவ்விடத்து விரிசல் அரிதன்று. துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் விசை முழுவதும் இரும்பிலிருந்து மரத்துக்கு இறங்குவது அங்கேதான். கட்டையிலேயே ஒடுங்கிய இடமும் அதுதான். எண்ணெய் ஊறி மரம் தளர்ந்துவிட்டால் முதலில் பிளப்பதும் அங்கேயே. விரிசலின் மேல் கூர்மையான கருவியை ஓட்டினால் நார் பெயர்ந்து செதுக்கு சிதறும், பிளவும் நீளும். ஆகவே செதுக்கு வேலை நின்றது. நீர்போல் நெகிழ்ந்த எப்பாக்சிப் பசையை, மரத்தை மெல்லச் சூடாக்கி விரிசலுக்குள் ஊறவிட்டு, மிதிவண்டி டியூபைக் கீற்றாக வெட்டிப் பிடியைச் சுற்றி இறுகக் கட்டி, ஒரு வாரம் அப்படியே வைத்தார். வட்டமான, சாய்வான, எதற்கும் பிடிகொடாத பொருளைச் சீராக இறுக்க அந்த ரப்பர்க் கீற்றுக்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்றே தோன்றுகிறது.

கோட்டைத் தேடிச் செல்லும் கருவி

வெட்டும் கருவிகள் பார்வைக்கு எளியவை. மரப்பிடி, வளைந்த இரும்புத் தண்டு, நுனியில் அரம்போல் பல் கொண்ட வி வடிவச் சிறு அலகு. ஒற்றை அலகு கொண்டது ஒரு கோட்டை ஆழப்படுத்தும். இரட்டை அலகுள்ளது, வெட்டிய கோட்டில் ஓர் அலகை ஓடவிட்டு அடுத்த கோட்டுக்குச் சரியான இடைவெளியை மறு அலகால் குறிக்கும். அமெரிக்காவின் டெம்-பார்ட் போன்ற நிறுவனங்கள் இவற்றை விற்கின்றன. அந்த முதியவரோ குடைக்கம்பியையும் பழைய அரத்துண்டையும் கொண்டு தாமே செய்துகொண்டவற்றைப் பயன்படுத்தினார்.

புதிய கட்டையில் செதுக்குவோருக்கு இரட்டை அலகே உற்ற துணை. புதுப்பிக்கும் வேலையில் அதுவே பகை. காரணம் எளிது. பழைய வேலை கண்ணளவாலும் கையளவாலும் செய்யப்பட்டது. 24 கோடுகள் என்று நாம் சொல்லும் இடத்தில் ஓரத்தில் 23ஆகவும் நடுவில் 25ஆகவும் இருக்கலாம். பிடியின் வளைவில் கோடுகள் சற்றே விலகி மீண்டும் கூடும். இயந்திரத் துல்லியமுள்ள இடைவெளியைக் கொண்டு அதன்மேல் போனால் பத்தாவது கோட்டில் கருவி பழைய கூம்பின் தலைமீது ஏறிவிடும். எனவே ஒற்றை அலகு மட்டுமே. ஒவ்வொரு பழைய கோட்டையும் தேடிக் கண்டு, அது போன வழியிலேயே போகவேண்டும். நூறாண்டுக்கு முன் ஒருவர் சிறிது பிசகியிருந்தால் நாமும் அவரோடு சேர்ந்து பிசகத்தான் வேண்டும்.

கட்டையை இரு முனைகளிலும் பொருத்தி, சுழலுமாறு அமைத்த மரச்சட்டம் ஒன்று உண்டு. அதைத் தொட்டில் என்பர். பிடியின் மேற்பரப்பு வளைந்துகொண்டே போவதால், வெட்டும் இடம் எப்போதும் மேல்நோக்கி நிற்கக் கட்டையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். வலக்கை கருவியைப் பிடிக்க, இடக்கை விரலொன்று அலகின் பக்கத்தில் தாங்கி வழிகாட்டுகிறது. நீண்ட இழுப்பு கிடையாது. அரை அங்குலத்துக்கும் குறைவாக முன்னும் பின்னுமாக அசைத்தபடி ஊர்ந்து செல்கிறது. முதற் சுற்றில் அழுத்தமே இல்லை. கோட்டின் வழியைத் திறந்து வைப்பது மட்டுமே அதன் வேலை. ஒரு திசைக் கோடுகள் அனைத்தும் முடிந்தபின் குறுக்குத் திசை. பிறகு மீண்டும் முதல் திசை, சற்று ஆழமாக. ஒரே மூச்சில் ஆழமாக வெட்டினால் அலகு மரத்தின் நார் இழுக்கும் பக்கம் ஓடிவிடும். ஓடிய கோட்டைத் திரும்ப அழைக்க வழியில்லை.

ஆழம் எவ்வளவு? அலகின் கோணம் 90 பாகை எனில் 24 கோட்டு வேலையில் அரை மில்லிமீட்டர் சென்றவுடனே கூம்பு கூராகிவிடும். 60 பாகை எனில் ஒரு மில்லிமீட்டரை நெருங்கவேண்டும். புதிய வேலைக்கு 60 பாகை அழகு. தேய்ந்த பழைய மரத்தில், அதிலும் ஒட்டுப்போட்ட பிடியில், அவ்வளவு ஆழம் தேவையா என்பது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியே எழும் கேள்வி. பழங்காலக் கட்டைகள் சிலவற்றில் கூம்புகள் தொடக்கத்திலிருந்தே தட்டையான தலையுடன் விடப்பட்டிருக்கும்; அது அக்காலப் பாணி. தேய்ந்துவிட்டதென எண்ணி அவற்றைக் கூராக்குவோர் உண்டு. துப்பாக்கியின் வயதை மறைத்து அதன் மதிப்பையும் கெடுக்கும் செயல் அது. பழமை நாடுவோர் அத்தகைய கட்டையை ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவர்.

ஓரங்கள் மிகக் கடினமானவை. கோடு விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் ஓடினாலும் மெருகிட்ட மரத்தில் கீறல் விழும். அனுபவமுள்ளவர்கள் விளிம்புக்குச் சற்று முன்பே நிறுத்தி, கருவியைத் திருப்பி, விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுத்து எஞ்சியதை முடிப்பர். விளிம்பைச் சுற்றி வரப்புப் போன்ற கரைக்கோடு இடும் வழக்கம் உண்டு. சிறு தாண்டல்களை அது தன்னுள் மறைத்துக்கொள்ளும் என்பதால், கரைக்கோடே இல்லாத செதுக்கைத் திறமைக்குச் சான்றாகச் சிலர் கொண்டாடுவர். அது ஓரளவு வித்தைகாட்டல் என்பது என் எண்ணம். ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் வட்டமான கரைக்கோடு கண்ணுக்கும் இதம், கைக்கும் இதம்.

முதியவர் நாளொன்றுக்குக் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெட்டவில்லை. “கண் களைத்தால் ஒரு கோடு இரண்டாகத் தெரியும்; கை எதைப் பின்பற்றும்?” என்றார். மீதி நேரம் பிற வேலைகள், தேநீர், செய்தித்தாள்.

நாணய அளவு வெறுமை

இனி அந்தப் பெருவிரல் தடத்தைப் பற்றி. கோடுகள் முற்றும் அழிந்த இடத்தை மீட்கவும் வழியுண்டு. இருபுறமும் எஞ்சிய கோடுகளை வளையும் பிளாஸ்டிக் அளவுகோலால் இணைத்து, வெண்பென்சிலால் தொடர்ச்சியைக் குறித்து, புதிதாக வெட்டலாம். அந்த இடத்தில் மரம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் புதிய கூம்புகள் பழையவற்றின் உயரத்தை எட்டா. எனினும் தொலைவிலிருந்து வேறுபாடு தெரியாது. இழப்பது என்னவென்றால், ஏற்கெனவே மெலிந்த பிடியில் இன்னும் சிறிது மரம்.

அம்மையார் மூன்றாம் வாரம் வந்தபோது முதியவர் கட்டையை அவர் கையில் கொடுத்தார். இடப்பக்கத்தைத் தூய்மை செய்து எண்ணெய் மட்டும் இட்டிருந்தார். வலப்பக்கம் பாதி ஆழத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நாணய அளவு வெறுமை அப்படியே இருந்தது.

“இங்கே ஏன் விட்டுவிட்டீர்கள் காகா?”

“கேட்காமல் வெட்டக்கூடாது மா. இது மரம் தேய்ந்த இடம் இல்லை. ஒரே ஆளின் விரல் நாற்பது வருடம் இருந்த இடம். வெட்டச் சொன்னால் நாளைக்கே வெட்டித் தருகிறேன். திரும்ப ஒட்டித் தரச் சொன்னால் என்னால் முடியாது.”

அவர் தம் பெருவிரலை அங்கே வைத்துப் பார்த்தார். அவருடைய விரல் அந்தத் தடத்தைவிடச் சிறியதாக இருந்தது. பையனுக்கு வழுக்குமே என்று ஒரு முறை கேட்டார். போட்டிக்கென்று அவன் வேறு துப்பாக்கிதான் எடுப்பான், இதை அல்ல என்று முதியவர் விடையளித்தார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

“விட்டுவிடுங்கள்,” என்றார் அம்மையார்.

நடைமுறையை நோக்கின், நாள்தோறும் களத்தில் சுடப்படும் துப்பாக்கிக்கு முழுப் புதுப்பிப்பே பொருத்தம். பிடி நழுவுவது பாதுகாப்புக்கு ஊறு. அலமாரிக்குத் திரும்பும் துப்பாக்கிக்கு அந்தத் தேவை இல்லை. தூய்மை செய்தபின் எஞ்சியிருப்பதே போதுமானதாக இருக்கும் தருணங்கள் நாம் நினைப்பதைவிட மிகுதி. வேலைக்குக் கொடுக்கும்போது எதைச் செய்யவேண்டும் என்பதோடு எதைச் செய்யக்கூடாது என்பதையும் எழுதிக்கொடுப்பது நலம். குறிப்பாக, உப்புத்தாள் செதுக்குப் பகுதியின் அருகே வரவே கூடாது. கட்டையின் பிற பகுதிகளில் உள்ள நசுங்கல்களை ஈரத்துணியும் சூடான இஸ்திரிப் பெட்டியும் கொண்டு ஆவியால் உப்பச் செய்யலாம். தேய்த்துச் சமன்செய்யத் தேவையில்லை. தேய்த்தால் மரம் தாழ்ந்து இரும்பு விளிம்புகள் மேலே துருத்தி நிற்கும்; அப்படிப்பட்ட துப்பாக்கியைத் தேர்ந்தவர் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பர்.

புதிதாக வெட்டிய கோடுகள் வெளிறித் தெரியும். டர்பன்டைன் கலந்து நெகிழ்த்திய ஆளிவிதை எண்ணெயைத் தூரிகையால் இட்டு, பள்ளத்தில் தேங்காதபடி உடனே உலர்ந்த தூரிகையால் துடைத்து எடுக்கவேண்டும். இரண்டு மூன்று முறை போதும். தேங்கினால் அது பிசினாக இறுகி, இவ்வளவு பாடுபட்டுத் திறந்த பள்ளங்களை மீண்டும் அடைத்துவிடும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடலாகாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படும், சுருட்டிய துணி தானே தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்தவேண்டும்.

குழலைப் பற்றியும் ஒரு சொல். மிகப் பழைய குழல்களில் நீரலை போன்ற கோலம் தெரியும்; அவற்றைத் தமஸ்குக் குழல் என்பர். நம் தென்னாட்டு உக்கு எஃகோடு பெயரளவில் உறவு கொண்டாடினாலும், இவை இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த கீற்றுகளால் ஆனவை. உக்கு உருக்கி எடுக்கப்படுவது. அழகானவை எனினும், இக்காலத் தோட்டாக்களை அவற்றில் இட்டுச் சுடுதல் உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டை எவ்வளவு செம்மையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

சட்டமும் பெட்டகமும்

மரவேலைதானே, பக்கத்துத் தச்சரிடம் கொடுத்தால் என்ன என்று தோன்றலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். சட்டத்தின் பார்வையில் ஆயுதம் என்பது அதன் பாகங்களையும் உள்ளடக்கியது. எனவே உரிமம் பெற்ற வணிகரிடமோ பழுதுபார்ப்பவரிடமோ மட்டுமே ஒப்படைக்கவேண்டும். பதிவேட்டில் எழுதி, ரசீது பெற்றுக்கொள்வது இன்றியமையாதது. உரிமம் உள்ளவர் முதுமையால் நேரில் செல்ல இயலாதவராயின், அவருடைய எழுத்துவடிவ அதிகாரத்துடன் வேறொருவர் பழுதுபார்க்க எடுத்துச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. அந்தக் கடிதமும் உரிமமும் துப்பாக்கியோடு கூடவே செல்லவேண்டும்.

வாரிசு பற்றிய செய்தி இன்னும் முக்கியமானது. உரிமம் பெற்றவர் மறைந்தபின் துப்பாக்கி வீட்டில் இருந்தால், அது உரிமமற்ற உடைமையாகிவிடும். தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தம் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்கவேண்டும். துயரத்தின் நடுவே பல குடும்பங்கள் மறந்துவிடும் கடமை இது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதற்கு ஒரு நல்ல மாற்று வழியைத் தருகின்றன. உரிமம் பெற்றவர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் வாழ்நாளிலேயே சட்டப்படியான வாரிசுக்கு மாற்றக் கோரலாம். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளது. பரம்பரையாக வருவதும் இவ்வரம்புக்கு உட்பட்டதே. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்துள்ளது.

வங்கி வாடிக்கையாளர்கள் சிலர் கேட்பதுண்டு: வீட்டில் வைப்பதைவிடப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாமா? கழற்றினால் மூன்று துண்டுகளாகி அடங்கிவிடுமே! இயலாது. பெட்டகத்துக்காக வாடிக்கையாளர் கையொப்பமிடும் ஒப்பந்தம் ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் அங்கே வைப்பதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. உரிமம் இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. பெட்டகத்தில் வைக்கத்தக்கவை துப்பாக்கி தொடர்பான தாள்கள். பழைய விற்பனை ரசீது, மதிப்பீட்டுச் சான்று, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஒளிப்படங்கள், உயிலின் படி ஆகியவை அங்கே இருக்கலாம். உரிமம் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வீட்டில் வைக்கும் முறையிலும் சிறிது கவனம் தேவை. தோலுறையில் நெடுங்காலம் வைத்தால் தோல் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவேற்றும். துப்பாக்கியின் முழு எடையும் மரத்தின்மேல் தங்குமாறு குழல் மேலாக நிறுத்தி வைத்தால், குழலிலும் இயக்கத்திலும் இட்ட எண்ணெய் சிறிது சிறிதாக இறங்கிப் பிடிமரத்தில் ஊறும். பின்கட்டில் முதியவர் சுண்ணப்பொடியால் நான்கு முறை உறிஞ்சி எடுத்தது அவ்வாறு ஊறிய எண்ணெயைத்தான். இரும்பு அலமாரியில், கம்பளித் துணி விரித்து, குழலின் வாய் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு கிடத்தி வைக்கலாம். தோட்டாக்கள் வேறோர் அறையில், வேறு பூட்டில். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வெளியே எடுத்து, காய்ந்த மென்தூரிகையால் கட்டச் செதுக்கைக் கோடுகளின் போக்கில் இரண்டு முறை துடைத்தால் அவ்வாண்டுக்கு அதுவே போதும்.